அடுத்த வீடு தந்தால்தானே நான் தருவேன்?



நலன்புரி வேலையாகத் தோட்டங்களுக்குப் போகும்போது ஒரே பேச்சைப் பல இடங்களில் கேட்கிறேன். தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும் என்றாலும் சரி, மரண உதவிச் சங்கத்துக்குக் காசு சேர்க்க வேண்டும் என்றாலும் சரி, லயத்துக் கானைத் துப்புரவு செய்ய வேண்டும் என்றாலும் சரி, யாராவது ஒருவர் இப்படிச் சொல்லுவார்: "ஐயா, அடுத்த காம்பராக்காரன் வரட்டும், நானும் வாறேன். அவன் குடுக்காம நான் மட்டும் ஏன் குடுக்கணும்?"

இதைக் கேட்டதும் பலர், "இந்தக் காலத்துச் சனம் சுயநலம் புடிச்ச சனம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் வரவே மாட்டேன் என்று சொல்லவில்லை. மற்றவர் வந்தால் தானும் வருவதாகத்தான் சொல்லுகிறார். மனிதர் ஒருவருக்கொருவர் ஏன் உதவுகிறார்கள், பொதுக் காரியத்துக்கு ஏன் கை கொடுக்கிறார்கள் என்று உலகத்தில் பல அறிஞர்கள் கடந்த ஐம்பது அறுபது வருடமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான். அந்த விஷயங்களில் சிலவற்றை நமது லயத்து வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்போம்.

எதையும் எதிர்பாராமல் கொடுப்பது

முதலாவது வகை உதவி, திரும்ப ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் கொடுப்பது.

நமது நாட்டிலேயே இதற்கு உலகம் மெச்சும் உதாரணம் ஒன்று இருக்கிறது. டொக்டர் ஹட்சன் சில்வா என்பவர் 1961ஆம் ஆண்டு கண் தானச் சங்கத்தை ஆரம்பித்தார். இறந்த பிறகு கண்களைத் தானம் செய்யுங்கள் என்று சனங்களிடம் கேட்டார். 1964இல் முதல் தடவையாக இலங்கையிலிருந்து கண்கள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. அதற்குப் பிறகு பல பத்தாயிரம் கண்கள் பல நாடுகளுக்குப் போய்விட்டன. கொடுத்தவர் இறந்துபோனவர். வாங்கியவர் எங்கோ ஒரு தேசத்தில் இருப்பவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் இல்லை, பார்க்கப் போவதும் இல்லை. இரத்த தானத்திலும் அப்படியே. 2014ஆம் ஆண்டிலிருந்து நமது நாட்டு இரத்த வங்கிகள் முழுக்க முழுக்கக் காசு வாங்காமல் சுயமாகக் கொடுப்பவர்களின் இரத்தத்தைக் கொண்டே நடக்கின்றன.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. அந்த நேரம் இனம், மதம், ஊர் பாராமல் நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் உணவும் உடுப்பும் வந்து சேர்ந்தன. ஆகவே மனிதருக்கு இரக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து நாளில் ஓடி வருகிற அதே சனம், மாதா மாதம் செய்ய வேண்டிய ஒரு சின்னப் பொது வேலைக்கு ஏன் பின்வாங்குகிறது? அதைத்தான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கொடுத்து வாங்குவது

இரண்டாவது வகை, இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு என்பது. கைமாத்தாக அரிசி, சீனி வாங்குவது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, உடம்புக்கு முடியாதவரின் கூடையில் பக்கத்து நிரையில் நிற்பவர் இரண்டு கை கொழுந்து அள்ளிப் போடுவது, கல்யாண வீட்டு மொய், எல்லாம் இந்த வகைதான். மொய் நோட்டில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துத் திருப்பிச் செய்வதில் கேவலம் ஒன்றும் இல்லை. அது உறவைக் கட்டி வைக்கிற கயிறு.

இந்தப் பழக்கம் மனிதரிடம் மட்டும் இல்லை. கோஸ்டா ரிக்கா என்ற நாட்டில் இரவில் மாடுகளின் இரத்தத்தைக் குடித்து வாழும் ஒரு வகை வௌவால் உண்டு. அடுத்தடுத்து இரண்டு மூன்று இரவு அதற்கு இரை கிடைக்காவிட்டால் செத்துப்போகும். அப்படிப் பட்டினியாக வரும் வௌவாலுக்கு, வயிறு நிறைந்து வந்த இன்னொரு வௌவால் தான் குடித்த இரத்தத்தில் கொஞ்சத்தைக் கக்கிக் கொடுக்கும். ஜெரல்ட் வில்கின்சன் என்ற விஞ்ஞானி 1984இல் இதை எழுதினார். எந்த வௌவால் முன்பு கொடுத்ததோ அதற்கே பெரும்பாலும் திரும்பக் கிடைக்கிறது என்பதும், இரத்த உறவை விட முன்பு செய்த உதவியே அதிகம் எடுபடுகிறது என்பதும் பின்னால் செய்த ஆய்வுகளிலும் உறுதியாயின.

மனிதருக்கு இதில் எந்த வழி நல்லது என்று அமெரிக்காவில் ரொபர்ட் அக்செல்ரொட் என்பவர் கணனியில் ஒரு போட்டி வைத்தார். இரண்டு பேர் திரும்பத் திரும்பச் சந்திக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒத்துழைக்கலாம், அல்லது ஏமாற்றலாம். கடைசியில் யாருக்குக் கூடுதல் புள்ளி என்பதுதான் போட்டி. முதல் போட்டிக்கு 14 பேர் தங்கள் தங்கள் திட்டத்தை அனுப்பினார்கள். இரண்டாம் போட்டிக்கு 62 திட்டங்கள் வந்தன. இரண்டிலும் வென்றது அனடோல் ராபபோர்ட் என்பவர் அனுப்பிய மிகச் சின்னத் திட்டம். அது இதுதான்: முதல் தடவை நல்லது செய். அதற்குப் பிறகு மற்றவர் போன தடவை என்ன செய்தாரோ அதையே நீயும் செய்.

இதில் பாடம் மூன்று. முதலில் நாமாகத் தப்புச் செய்யக்கூடாது. ஏமாற்றினால் பேசாமல் இருக்கவும் கூடாது. ஆள் திருந்தி வந்தால் பழையதைத் தூக்கிப் பிடிக்காமல் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். தகப்பன் காலத்துச் சண்டைக்காக மகன் காலத்திலும் பேசாமல் இருக்கிற வீடுகள் இந்த மூன்றாவது பாடத்தைக் கவனிக்க வேண்டும்.

பொதுவில் போடுவது ஏன் கஷ்டம்?

இரண்டு பேருக்குள் கொடுக்கல் வாங்கல் என்றால் யார் ஏமாற்றினார் என்று தெரியும். அவருக்கு மட்டும் உதவியை நிறுத்தலாம். பொதுக் காரியத்தில் அப்படிச் செய்ய முடியாது. கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு தொட்டியில் முப்பது வீடு தண்ணீர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்காரர் தொட்டி கழுவ வராவிட்டாலும் அவர் வீட்டுக் குடத்திலும் தண்ணீர் நிறையும். மற்ற இருபத்தொன்பது பேர் கழுவிய தண்ணீரை அவரும் குடிப்பார். அடுத்த மாதம் இன்னும் மூன்று பேர் அதைப் பார்த்து நின்றுவிடுவார்கள். அதற்கு அடுத்த மாதம் பத்துப் பேர். மிச்சம் இருப்பவர்கள், "நாங்க மட்டும் என்ன இளிச்சவாயா?" என்று மண்வெட்டியைக் கீழே போட்டுவிடுவார்கள். பிறகு தொட்டியில் சேறு, செத்த இலை, புழு. வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் அசுத்தத் தண்ணீரில்தான் பரவுகின்றன. அது வரும்போது, வேலைக்கு வந்தவர் வீட்டுப் பிள்ளை, வராதவர் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காது.

மரண உதவிச் சங்கமும் இதே கதைதான். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. அறுபது குடும்பம், ஒரு சாவுக்கு வீட்டுக்கு 500 ரூபாய் என்றால் 30,000 ரூபாய் சேரும். இருபது குடும்பம் கொடுக்காவிட்டால் 20,000தான். அந்தக் குறை 10,000 ரூபாயை யார் கட்டுவது? பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம்தான் வட்டிக்கு ஓட வேண்டும், இல்லையென்றால் காதில் கழுத்தில் கிடப்பதை அடகு வைக்க வேண்டும். குறைவாகக் கிடைத்த குடும்பம் அடுத்த சாவுக்கு முழுப் பணம் கொடுக்குமா? இப்படித்தான் பல வருடம் நடந்த சங்கங்கள் ஓசையில்லாமல் படுத்துவிடுகின்றன.

1968ஆம் ஆண்டில் கரட் ஹார்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பொதுப் புல்வெளி ஒன்று இருந்தால் ஆளுக்கு ஆள் மாட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கடைசியில் புல்வெளி அழிந்தே தீரும் என்று எழுதினார். அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுக்க வேண்டும், வேறு வழி இல்லை என்று அநேகர் அதைப் படித்து நம்பினார்கள்.

நாலு பேர் விளையாட்டு

உண்மையில் மனிதர் எப்படி நடக்கிறார்கள் என்று பார்க்க சுவிட்சர்லாந்தில் ஏர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெக்டர் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஒரு பரிசோதனை செய்து 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அதை விளங்கும்படி சொல்லுகிறேன்.

நாலு பேர். ஆளுக்கு 20 காசு கொடுக்கப்படும். விரும்பிய அளவு பொது உண்டியலில் போடலாம், மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம். உண்டியலில் விழும் ஒவ்வொரு காசுக்கும் நாலு பேருக்கும் ஆளுக்கு 0.4 காசு கிடைக்கும். அதாவது ஒரு காசு போட்டால் மொத்தமாக 1.6 காசாகப் பெருகும்.

நாலு பேரும் முழுவதையும் போட்டால் ஆளுக்கு 32 காசு. யாரும் போடாவிட்டால் ஆளுக்கு 20 காசுதான். ஆனால் மூன்று பேர் போட்டு ஒருவர் மட்டும் போடாமல் இருந்தால், போடாதவருக்கு 44 காசு, போட்ட மூவருக்கும் ஆளுக்கு 24 காசு. இதைத்தான் தொட்டி கழுவ வராதவரும் மனதுக்குள் கணக்குப் போடுகிறார்.

நடந்தது என்ன? முதல் சுற்றுகளில் சனங்கள் நல்ல மனதோடு போட்டார்கள், கிட்டத்தட்டக் கையில் இருந்ததில் பாதி அளவு. பத்துச் சுற்று நடந்தது. சுற்றுக்குச் சுற்று போடுவது குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அநேகர் ஒன்றும் போடவில்லை.

அப்படியானால் முதலில் போட்டவர்கள் எல்லாம் திடீரென்று கெட்டவர்கள் ஆகிவிட்டார்களா? இல்லை. இதே ஆய்வாளர்கள் இன்னொருவரோடு சேர்ந்து 2001இல் வெளியிட்ட பரிசோதனையில் இதற்கு விடை கிடைத்தது. அதில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், "மற்றவர் எவ்வளவு போடுகிறாரோ அந்த அளவுக்கு நானும் போடுவேன்" என்ற ரகம். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்களே எப்போதும் போடாத ரகம். போடாத அந்தச் சிலரைப் பார்த்து மற்றவர்களும் கையை மடக்கிக்கொண்டதுதான் நடந்தது.

நம்ம லயத்தில் கேட்கும் பேச்சும் இதுதான். "அவன் வரட்டும், நானும் வாறேன்" என்பவர் பெரும்பான்மை. அவரைச் சுயநலக்காரர் என்று ஏசினால் அவரையும் இழந்துவிடுவோம். அவருக்குத் தேவை புத்திமதி இல்லை. மற்றவர்கள் உண்மையாகவே செய்கிறார்கள் என்பது அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தட்டிக் கேட்பதும் தண்டப் பணமும்

அந்த உண்டியல் பரிசோதனையை இன்னொரு விதமாகவும் செய்தார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று காட்டினார்கள். போடாதவருக்குத் தண்டம் விதிக்கலாம், ஆனால் தண்டம் விதிப்பவரும் தன் கையிலிருந்து கொஞ்சம் இழக்க வேண்டும் என்று வைத்தார்கள். தனக்கு நட்டம் என்று தெரிந்தும் பலர் தண்டம் விதித்தார்கள். உண்டியலில் விழும் காசு திரும்பவும் ஏறியது. நியாயம் கேட்பதும் ஒரு பொதுத் தொண்டுதான். கூட்டத்தில் எழும்பி, "கணக்கைக் காட்டுங்க" என்று கேட்கிற ஆள் எல்லோருடைய பொல்லாப்பையும் தன் தலையில் வாங்கிக்கொண்டுதான் கேட்கிறார்.

ஆனால் இதில் இரண்டு எச்சரிக்கை உண்டு.

ஒன்று, பழிக்குப் பழி. 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில் உலகத்தின் 16 நகரங்களில் இதே விளையாட்டை நடத்தினார்கள். சில நகரங்களில், போடாதவர்கள் தங்களுக்குத் தண்டம் வந்த கோபத்தில், ஒழுங்காகப் போட்டவர்களுக்கே தண்டம் விதித்தார்கள். அங்கே ஒத்துழைப்பு வளரவில்லை. தனி ஆளாக நின்று கோபத்தில் கேட்டால் லயத்திலும் இதுதான் நடக்கும். கேள்வி கூட்டத்திலிருந்து, எல்லோரும் ஒத்துக்கொண்ட விதியிலிருந்து வர வேண்டும்.

இரண்டாவது, தண்டம் ஒரு விலையாக மாறிவிடலாம். இஸ்ரேல் நாட்டில் ஹைஃபா நகரத்தில், நம்ம பிள்ளை மடுவம் போன்ற பத்துப் பகல் நேரப் பராமரிப்பு நிலையங்களில் ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளையைக் கூட்டிப் போகப் பெற்றோர் பிந்தி வந்தால் ஆயாமார் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு நிலையங்களில் பிந்தி வருவோருக்குச் சின்னத் தண்டப் பணம் போட்டார்கள். குறையும் என்று நினைத்தார்கள். பிந்தி வருவது ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கூடிவிட்டது! முன்பு "பாவம் ஆயா காத்திருப்பாளே" என்று ஓடி வந்தவர்கள், "அதுக்குத்தான் காசு குடுக்குறோமே" என்று ஆறுதலாக வந்தார்கள். தண்டத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. 2000ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வு சங்கம் நடத்தும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. வெட்கமும் மரியாதையும் செய்கிற வேலையைக் காசு கெடுத்துவிடக் கூடும்.

பொதுச் சொத்தைக் காத்த ஊர்கள்

பொதுச் சொத்து அழிந்தே தீரும் என்ற பேச்சை ஒரு பெண் அறிஞர் ஏற்கவில்லை. அவர் அமெரிக்காவைச் சேர்ந்த எலினோர் ஒஸ்ட்ரோம் அம்மையார். உலகத்தில் பல ஊர்களில் சனங்கள் காடு, தண்ணீர், மேய்ச்சல் நிலம், மீன்பிடிக் கரை ஆகியவற்றைத் தாங்களே கூடி எப்படிக் காத்தார்கள் என்று தேடித் தேடி ஆராய்ந்து 1990இல் புத்தகமாக எழுதினார். 2009ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே. 2012இல் காலமானார்.

அவர் எடுத்துக் காட்டிய ஊர்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமமான டோர்பெல். அங்கே 1517ஆம் ஆண்டிலேயே ஒரு விதி எழுதினார்கள். பனிக்காலத்தில் ஒருவர் தன் சொந்தத் தீவனத்தில் எத்தனை மாடு வளர்க்க முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு விடலாம். விதி இவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். மாட்டை எண்ணினால் போதும், கள்ளம் பிடிபட்டுவிடும்.

இன்னொன்று ஸ்பெயின் நாட்டின் வலென்சியா. அங்கே வாய்க்கால் தண்ணீரில் பயிர் செய்யும் விவசாயிகள் தங்களுக்குள் தெரிவு செய்தவர்களே நீதிபதிகள். வியாழக்கிழமை நடுப்பகலில் தேவாலய வாசலில் கூடித் தண்ணீர்ச் சண்டைகளை வாய்ப்பேச்சிலேயே விசாரித்து அங்கேயே தீர்ப்புச் சொல்லுகிறார்கள். பல நூறு வருடமாக இது நடக்கிறது. சட்டத்தரணிக்குச் செலவும் இல்லை, வருடக்கணக்கில் இழுத்தடிப்பும் இல்லை.

நீண்ட காலம் நிலைத்த ஊர்களில் பொதுவாகச் சில குணங்களை ஒஸ்ட்ரோம் அம்மையார் கண்டார். யார் யாருக்குப் பங்கு உண்டு என்பது தெளிவாக இருந்தது. விதிகள் அந்த இடத்துக்குப் பொருந்தின. விதிக்குக் கட்டுப்படுகிறவர்களே விதியை மாற்றவும் பங்கெடுத்தார்கள். அவர்களே கண்காணித்தார்கள். முதல் தப்புக்குச் சின்னத் தண்டனை, திரும்பத் திரும்பச் செய்தால் கூடுதல் என்று படிப்படியாக வைத்தார்கள். சண்டை வந்தால் சுலபமாகத் தீர்க்க ஓர் இடம் இருந்தது. மேலே இருந்த அதிகாரிகள் அவர்களுடைய கூட்டத்தைக் குழப்பாமல் மதித்தார்கள்.

கல்லோயாவின் கடைமடை

சுவிட்சர்லாந்தும் ஸ்பெயினும் தூரத்து ஊர்கள் என்று நினைக்க வேண்டாம். அம்பாறை மாவட்டத்துக் கல்லோயாவில் நடந்ததும் உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வாய்க்கால் வழியாக வயல்களுக்குத் தண்ணீர் போகிறது. 1980 வாக்கில் அதன் இடது கரையில் நிலைமை மோசம். வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன. தலைமடையில் இருந்தவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள், கடைமடை காய்ந்தது. மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களக் குடியேற்ற விவசாயிகள். கடைமடையில் தமிழ் விவசாயிகளும் இருந்தார்கள். இவர்களை ஒன்று சேர்க்க முடியாது என்றுதான் பலரும் சொன்னார்கள்.

1981இல் படித்த இளைஞர், யுவதிகள் அமைப்பாளர்களாக அங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்கள் கிராமத்திலேயே தங்கி, வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். கூட்டம் போட்டு உத்தரவு போடவில்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் ஒரு பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து, "முதலில் எதைச் செய்யலாம்?" என்று கேட்டார்கள். அந்த வருடம் குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அப்படியிருந்தும் சில வாரங்களுக்குள் விவசாயிகள் சிரமதானமாக வாய்க்கால்களைத் துப்புரவு செய்தார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மேலே இருந்தவர்கள் தாங்கள் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டுக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

அவர்கள் புதுச் சனங்கள் இல்லை. போன வருடம் தண்ணீருக்குச் சண்டை போட்ட அதே ஆட்கள்தான். சின்னக் குழுவாக முகம் பார்த்துப் பேசினார்கள். கீழே உள்ளவருக்கு என்ன நடக்கிறது என்பதை மேலே உள்ளவர் நேரில் பார்த்தார். ஒருவர் மண்வெட்டி எடுத்ததை மற்றவர் கண்டார். மேல் லயம், கீழ் லயம் என்று பீலித் தண்ணீருக்குச் சண்டை போடும் நமக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

நம்ம லயத்தில் என்ன செய்யலாம்?

1. பெயர் எழுதுங்கள். எந்தத் தொட்டியில் எந்தெந்த வீடு தண்ணீர் எடுக்கிறது, சங்கத்தில் யார் யார் அங்கத்தவர் என்று முதலில் எழுதி வையுங்கள். யாருக்கு உரிமை என்று தெரியாத இடத்தில் யாருக்குப் பொறுப்பு என்றும் தெரியாது.

2. குழு சின்னதாக இருக்கட்டும். தோட்டம் முழுக்க ஒரே கமிட்டி என்றால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். ஒரு தொட்டிக்கு ஒரு குழு, ஒரு லயத்துக்கு ஒரு பொறுப்பாளர் என்று பிரியுங்கள்.

3. பெண்கள் இல்லாமல் விதி எழுதாதீர்கள். தண்ணீர் எடுப்பதும், துணி துவைப்பதும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் அதிகமாகப் பெண்கள். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்து முடிவு எடுப்பது ஆம்பளைகள். கொழுந்தெடுத்து வந்த களைப்பில் அவர்களால் வர முடியாத நேரத்தில் கூட்டம் வைக்க வேண்டாம். அவர்கள் ஒத்துக்கொள்ளாத விதி நிற்காது.

4. முறை அட்டவணையை எல்லோரும் பார்க்கத் தொங்கவிடுங்கள். பிள்ளை மடுவத்துச் சுவரிலோ கோயில் வாசலிலோ ஒரு தாள். எந்த வாரம் எந்த வீடு, வந்தார்களா இல்லையா என்று அடையாளம் போடுங்கள். மற்றவர் செய்கிறார் என்று கண்ணால் கண்டால் அநேகர் தாமாகவே வருவார்கள்.

5. கணக்கை வாசியுங்கள். சங்கத்துக் காசு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, கையில் எவ்வளவு என்று சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் கேட்க வாசியுங்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்க வேண்டும். காசு ஒருவர் கையில், புத்தகம் இன்னொருவர் கையில் இருப்பது நல்லது.

6. வராதவரை முதலில் விசாரியுங்கள். வருத்தமா, வேலைக்குக் கொழும்புக்குப் போயிருக்கிறாரா, வயதானவர் தனியாக இருக்கிறாரா என்று பாருங்கள். முடியாதவருக்கு இலேசான வேலை கொடுங்கள், அல்லது விட்டுக் கொடுங்கள். முடிந்தும் வராதவருக்கு முதல் தடவை வீட்டுக்குப் போய்ச் சொல்லுவது, இரண்டாம் தடவை கூட்டத்தில் கேட்பது, மூன்றாம் தடவை சின்னத் தண்டம் என்று படியாக வையுங்கள். தண்டம் கட்டினாலும் விட்ட வேலையை அடுத்த முறை செய்தே ஆக வேண்டும் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் வசதி உள்ளவர் காசைக் கட்டிவிட்டு வீட்டில் இருப்பார்.

7. திரும்பி வருபவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "நீ போன வருசம் எங்கே போனாய்?" என்று குத்திக் காட்டினால் அவர் அடுத்த தடவை வர மாட்டார்.

8. நிர்வாகத்தின் கடமையை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். உடைந்த குழாய், சீமெந்து, புதுத் தொட்டி போன்றவை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை. துப்புரவும் முறையும் காவலும் நம் வேலை. இரண்டையும் கலந்தால், "துரை செய்யட்டும்" என்று நாமும், "சனங்கள் செய்யட்டும்" என்று அவர்களும் விட்டுவிட, தொட்டி அப்படியே கிடக்கும். கூட்டாகக் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் கேட்கிற குரலுக்கும் பலம் உண்டு.

முதல் ஆள் யார்?

எல்லோரும் "அவன் வரட்டும்" என்று காத்திருந்தால் யாரும் வரப் போவதில்லை. ஆகவே யாராவது முதலில் போகத்தான் வேண்டும். அது எல்லோராலும் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு லயத்திலும் அப்படி மூன்று நாலு பேர் இருக்கிறார்கள். யாரும் கேட்காமலே கானில் அடைத்த குப்பையை இழுத்துப் போடுகிறவர்கள் அவர்கள். அவர்கள் தனியே செய்வதால்தான் கொஞ்ச நாளில் மனம் விட்டுப்போகிறது. அந்த மூன்று நாலு பேரும் ஒன்றாக, ஒரே நாளில், எல்லோரும் பார்க்கும் நேரத்தில் இறங்கினால், ஓரமாக நின்று பார்க்கும் பாதிப்பேர் கூடச் சேர்வார்கள் என்பதைத்தான் இவ்வளவு ஆராய்ச்சியும் சொல்லுகிறது.

அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் தொட்டியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மரண உதவிச் சங்கத்துப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். பிறகு பக்கத்துக் காம்பராவின் கதவைத் தட்டி, "நான் வாறேன், நீங்களும் வாறீங்களா?" என்று கேளுங்கள். அவரும் அநேகமாக அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருப்பார்.

நலன்புரி உத்தியோகத்தர்